வலது காறை எலும்பு முறிவு: படுத்து எடுத்த எக்ஸ்ரேயும் நின்று எடுத்த எக்ஸ்ரேயும்

அவர் உள்ளே நடந்து வந்த விதத்திலேயே எது ஒடிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வலது முழங்கையை இடது உள்ளங்கையால் ஏந்திப் பிடித்திருந்தார். தலை வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது. வலது தோள் இடதைவிட இறங்கி, சற்று முன்னால் வந்திருந்தது. சட்டையின் வலது கையை மாட்டாமல் தோள்மேல் போர்த்தியிருந்தார். காறை எலும்பு (மார்பெலும்பிலிருந்து தோள்முனை வரை குறுக்கே ஓடும் எலும்பு) முறிந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருவார்கள். கையின் எடை மொத்தமும் ஒடிந்த இடத்தில் தொங்கும்போது அதை ஏதாவது ஒன்று தாங்கியாக வேண்டும், அதற்கு மற்றக் கைதான் இருக்கிறது. தலை சாய்வதற்கும் காரணம் உண்டு. காதுக்குப் பின்னாலிருந்து கழுத்தில் சரிந்து இறங்கும் தசை இந்த எலும்பின் உள்முனையில்தான் ஒட்டியிருக்கிறது. தலையைச் சாய்த்தால் அந்தத் தசை தளரும், இழுப்பு குறையும்.

கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு சுலபமான முறிவு வேறு அதிகம் இல்லை. அதனாலேயே, கண்டுபிடித்தவுடன் பார்வை அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த நோயாளியின் விஷயத்தில் அப்படி நின்றது இரண்டு தடவை. ஒரு தடவை, எனக்கு முன்னால் பார்த்தவர்கள். இன்னொரு தடவை, நானே.

வயது 41. கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலை, வலது கைக்காரர். ஈரச் சாலையில் மெதுவாகத் திரும்பும்போது இருசக்கர வண்டி வழுக்கி, வலது தோள் நேராகத் தரையில் மோத விழுந்திருக்கிறார். ஹெல்மெட் போட்டிருந்தார், நினைவு தப்பவில்லை. வேறு இடத்தில் அடியும் இல்லை. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர் என்னிடம் வந்தது மூன்றாம் நாள். விழுந்த அன்றே ஓர் அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறார்கள். படுக்கவைத்து ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்து, "லேசான முறிவுதான், பெரிதாக விலகவில்லை, ஆறு வாரத்தில் கூடிவிடும்" என்று சொல்லி, இரண்டு தோள்களையும் பின்னால் இழுத்துக் கட்டும் எட்டு வடிவப் பட்டையை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். இறுக்கமாக இருந்தால்தான் எலும்பு நேராக நிற்கும், தளர்த்தவே கூடாது என்று எச்சரிக்கையும் செய்திருக்கிறார்கள். அவரும் தளர்த்தவில்லை. இரண்டு இரவும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழித்திருக்கிறார். இரண்டாம் நாளிலிருந்து வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. வலி தாங்க முடியாமல் வரவில்லை, விரல் மரத்ததால்தான் வந்தார்.

விரல்கள் மரத்துப்போனதாகச் சொன்னால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். காறை எலும்பின் நடுப்பகுதிக்கு அடியில், முதல் விலா எலும்புக்கு மேலே, கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் பெரிய இரத்தக் குழாய்களும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஒடிந்த முனை அங்கே இறங்கியிருக்கலாம். அல்லது அக்குளுக்குள் போகும் பட்டை அழுத்தியிருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பட்டையைக் கழற்றுவதற்கு முன்பே பரிசோதித்துக் குறித்துக்கொண்டேன். இரண்டு மணிக்கட்டிலும் நாடி ஒரே அளவில் இருந்தது. விரல்கள் வெதுவெதுப்பாக, இளஞ்சிவப்பாக இருந்தன. விரல்களை விரிக்கச் சொன்னேன், விரித்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார். கட்டைவிரலை உயர்த்தவும் மணிக்கட்டைத் தூக்கவும் முடிந்தது. வலு குறையவில்லை, சுண்டு விரல் பக்கத்தில் உணர்ச்சி மட்டும் மந்தமாக இருந்தது.

பட்டையைக் கழற்றியதும் அக்குளில் விரல் அகலத்துக்குச் சிவந்த தடம் தெரிந்தது. கையை ஒரு ஆர்ம் ஸ்லிங்கில் (கழுத்திலிருந்து தொங்கும் துணிப் பையில்) தாங்கவைத்து அரை மணி நேரம் உட்காரவைத்தோம். மரப்பு பாதி குறைந்துவிட்டது, மறுநாள் காலையில் முழுதாகப் போய்விட்டது. அழுத்தியது பட்டைதான். ஆனால் அரை மணி கழித்துத் திரும்பப் பரிசோதித்த பிறகே அந்த முடிவுக்கு வந்தேன். குறையாமல் இருந்திருந்தாலோ, வலுவும் குறைந்திருந்தாலோ கதை வேறு.

அதற்குப் பிறகுதான் தோளையே பார்த்தேன். மார்பெலும்பின் மேல்முனையில் தொட்டுத் தொடங்கி, காறை எலும்பின் மேலே விரலை மெல்ல வெளிப்பக்கமாக நகர்த்திக்கொண்டு போனால், நல்ல எலும்பு வழவழப்பான ஒரு வளைவாக விரலுக்குக் கீழே ஓடும். முதலில் முன்னால் புடைக்கும், அப்புறம் பின்னால் வளையும், தோள்முனையில் போய் முடியும். இவருக்குப் பாதி வழியில் விரல் ஒரு மேட்டில் ஏறியது, அங்கிருந்து சட்டென்று ஒரு பள்ளத்தில் இறங்கியது. மேடு, உள்பக்கத் துண்டின் முனை. அங்கே அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் அழுத்தவில்லை. எலும்பு உரசும் சத்தம் கேட்கிறதா என்று அசைத்துப் பார்ப்பது தேவையில்லாத சித்திரவதை. எக்ஸ்ரே இருக்கும் காலத்தில் அதனால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

தோலைத்தான் கூர்ந்து பார்த்தேன். முனை தோலைக் கூடாரம் போல உயர்த்தியிருந்தது. உயர்த்துவது வேறு, நெருக்குவது வேறு. அந்த இடத்தில் தோல் வெளுத்து, பளபளத்து, இரண்டு விரலால் கிள்ளித் தூக்க முடியாதபடி இருந்தால் அது ஓரிரு நாளில் கிழிந்து எலும்பு வெளியே வந்துவிடலாம். அப்படியானவர்களை அறுவை சிகிச்சைக்கு அனுப்புவதில் தாமதம் கூடாது. இவருடைய தோல் நிறம் மாறவில்லை, கிள்ளினால் நகர்ந்தது. ஆனால் தோள்முனையிலிருந்து காறை எலும்பு வரைக்கும் உள்ளங்கை அளவுக்குச் சாலையில் உரசிய சிராய்ப்பு, இன்னும் ஈரமாக இருந்தது. இது பிறகு முக்கியமாகிவிட்டது.

எலும்பைக் கொஞ்சம் மறந்துவிட்டு, சுற்றியிருப்பதையும் பார்த்தேன். மூச்சுச் சத்தம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டது. கழுத்து முதுகெலும்பை அழுத்தினால் வலி இல்லை. விலா எலும்புகள், முதுகுப்பக்கம் இருக்கும் தோள்பட்டைத் தட்டெலும்பு, தோள்முனை மூட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். வேகமாக மோதி விழுந்தவர்களுக்குக் காறை எலும்போடு மேல் விலாக்களும் தட்டெலும்பும் சேர்ந்து ஒடிவதுண்டு. நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிடுவதும் உண்டு. 1702-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டு, அடுத்த சில வாரங்களுக்குள் இறந்தார். ஆளைக் கொண்டுபோனது எலும்பு அல்ல, அதற்குப் பின்னால் வந்த நுரையீரல் அழற்சி. இன்றைக்கு அப்படி நடப்பது அரிதுதான். இருந்தாலும் காறை எலும்பு ஒடிந்தவரின் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைக்காமல் நான் அனுப்புவதில்லை.

இரண்டு எக்ஸ்ரே

அவர் கொண்டுவந்த படத்தில் நடுப்பகுதியில் முறிவு இருந்தது. இரண்டு முனைகளும் ஏறக்குறைய எதிரெதிரே, பாதி கனத்துக்கு மட்டும் விலகி இருந்தன. அந்தப் படத்தை மட்டும் பார்த்தால் "லேசான முறிவு" என்று நானும் சொல்லியிருப்பேன். ஆனால் என் விரலுக்குக் கீழே இருந்த மேட்டுக்கும் படத்துக்கும் ஒத்துவரவில்லை.

நிற்கவைத்து இரண்டு படங்கள் எடுக்கச் சொன்னேன். ஒன்று நேராக. இன்னொன்று, கதிரைக் கீழிருந்து மேல்நோக்கி சுமார் 20 டிகிரி சாய்த்து. அப்படிச் சாய்த்தால் விலா எலும்புகளின் நிழலிலிருந்து காறை எலும்பு விலகித் தனியாகத் தெரியும். கூடவே இரண்டு காறை எலும்புகளும் விழுமாறு ஒரு மார்பு எக்ஸ்ரே.

நின்றதும் எலும்பு வேறு ஆளுடைய எலும்பாகிவிட்டது. உள்துண்டு எலும்பின் முழுக் கனத்துக்கும் மேலாக உயர்ந்து நின்றது. வெளித்துண்டு கீழே இறங்கி, உள்நோக்கி நகர்ந்து, அதற்கு அடியில் பதுங்கியிருந்தது. முனைகளுக்கு இடையே தொடர்பே இல்லை. இடது பக்கத்தோடு ஒப்பிட்டு அளந்தால் 17 மில்லிமீட்டர் குட்டை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "ரெண்டும் என்னோடதுதானா டாக்டர்?" என்று கேட்டார்.

இரண்டு நாளில் விலகியிருக்கலாம், அதை மறுக்க முடியாது. ஆனால் பெரும் வித்தியாசம் படுக்கைக்கும் நிற்பதற்கும் இடையில்தான். கையை உடம்போடு எலும்பால் பிணைப்பது காறை எலும்பு ஒன்றுதான், மற்றதெல்லாம் தசை. படுத்திருக்கும்போது கையின் எடையைப் படுக்கை தாங்கிக்கொள்கிறது, முனைகள் தாமாகவே ஓரளவு சேர்ந்துவிடுகின்றன. எழுந்து நின்றவுடன் கை வெளித்துண்டைக் கீழே இழுக்கும், கழுத்துத் தசை உள்துண்டை மேலே இழுக்கும், மார்பின் பெரிய தசை தோளை உள்நோக்கி இழுத்து எலும்பைக் குட்டையாக்கும். மனிதன் எலும்போடு வாழப்போவது நின்றும் உட்கார்ந்தும்தான், படத்தையும் அப்படியே எடுக்க வேண்டும். பல அடி பட்டு எழுந்திருக்க முடியாதவருக்கு வேறு வழியில்லை. இவரோ தன் காலில் நடந்து வந்தவர்.

எங்கே ஒடிந்தது என்பதும் கணக்கில் வரும். ஐந்தில் நான்கு முறிவுகள் நடுப்பகுதியில்தான். அங்கேதான் எலும்பு மெல்லியது, அதன் இரட்டை வளைவு திரும்பும் இடமும் அதுவே. கையை ஊன்றி விழுந்ததால் ஒடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலானவர்கள் இவரைப் போலத் தோள் நேராக மோத விழுந்தவர்கள்தான். தோள்முனைக்கு அருகே வெளிப்பகுதியில் ஒடிந்தால், எலும்பைக் கீழே கட்டிப்போட்டிருக்கும் தசைநார்கள் அறுந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அறுந்திருந்தால் எலும்பு தானாகக் கூடாமல் போவதற்கான வாய்ப்பு அதிகம். மார்பெலும்பை ஒட்டிய உள்முனையில் அடிபடுவது அரிது, ஆனால் எனக்கு அதுதான் பயம். அங்கே எலும்பு பின்னால் நழுவினால் மூச்சுக்குழாயையும் பெரிய இரத்தக் குழாய்களையும் அழுத்தும். விழுந்த பிறகு மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டமாக இருக்கிறது, குரல் மாறிவிட்டது என்று ஒருவர் சொன்னால் சாதாரண எக்ஸ்ரேயை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, சி.டி. ஸ்கேன் வேண்டும்.

கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவது இந்தக் காறை எலும்புதான், கடைசியாக வளர்ந்து முடிவதும் இதுதான். இதன் உள்முனை முழுதாக ஒட்ட இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். இருபது வயதுப் பையனுக்கு உள்முனை மூட்டு நழுவியதாகத் தெரிவது சில நேரம் வளரும் முனையில் ஏற்பட்ட முறிவாக இருப்பது இதனால்தான்.

பிளேட்டா, ஸ்லிங்கா

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1960-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர், அறுவை இல்லாமல் பார்த்த 2,235 நடுப்பகுதி முறிவுகளில் மூன்றே மூன்றுதான் கூடவில்லை என்று எழுதினார். அறுவை செய்த 45 பேரில் இரண்டு கூடவில்லை. அப்புறம் என்ன, காறை எலும்பை வெட்டவே கூடாது என்பது பல பத்தாண்டுகளுக்கு வேதவாக்காகிவிட்டது. இரண்டு முனையும் ஒரே அறையில் இருந்தால் போதும், கூடிவிடும் என்று எலும்பு மருத்துவர்கள் கிண்டலாகச் சொல்வது இன்றும் உண்டு.

1990-களில் நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்ததும் படம் மாறியது. முழுதாக விலகிய முறிவுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்த 1997-ஆம் ஆண்டு ஆய்வில் 52 பேரில் 15 சதவீதத்துக்கு எலும்பு கூடவில்லை. 2 சென்டிமீட்டருக்கு மேல் குட்டையானவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதலாக இருந்தது. 2007-இல் கனடிய எலும்பு முறிவு மருத்துவர்கள் பல மருத்துவமனைகளைச் சேர்த்து, 16 முதல் 60 வயது வரையானவர்களைப் பிளேட் (அறுவை செய்து எலும்பின் மேல் ஸ்க்ரூவால் பொருத்தும் உலோகத் தகடு), ஸ்லிங் என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் பிளேட் போட்ட 62 பேரில் 2 பேருக்குக் கூடவில்லை, ஸ்லிங்கில் இருந்த 49 பேரில் 7 பேருக்குக் கூடவில்லை. கூடுவதற்கு ஆன சராசரிக் காலம் பிளேட்டில் 16 வாரம், ஸ்லிங்கில் 28 வாரம். 2013-இல் வந்த ஸ்காட்லாந்து ஆய்வு ஒரு முக்கியமான பின்குறிப்பைச் சேர்த்தது: எலும்பு கூடாமல்போனவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், இரண்டு கூட்டத்தாரின் கையும் வேலை செய்வதில் வித்தியாசம் இல்லை.

இதை அவரிடம் நான் சொன்ன விதம் இது. முழுதாக விலகிய முறிவு ஏழு பேருக்கு இருந்தால், அறுவை இல்லாமலேயே ஏறக்குறைய ஆறு பேருக்குக் கூடிவிடும். அந்த ஏழாவது ஆள் நீங்களா என்று இன்றைக்குச் சொல்ல எனக்கு வழி இல்லை. ஏழு பேருக்கும் அறுவை செய்தால் அந்த ஒருவர் பெரும்பாலும் தப்பிப்பார், மற்ற ஆறு பேர் தேவையில்லாமல் வெட்டுப்பட்டிருப்பார்கள். பிளேட்டுக்கும் விலை உண்டு. தழும்புக்குக் கீழே மார்பில் ஒரு பகுதி மரத்துப்போவது மிகவும் சகஜம், ஏனென்றால் தோலுக்குப் போகும் சின்ன நரம்புகள் எலும்பைக் குறுக்கே கடந்துதான் போகின்றன. மெலிந்தவர்களுக்குப் பிளேட் தோலுக்கடியில் துருத்தும், சிலருக்குப் பிறகு கழற்ற வேண்டியிருக்கும். தொற்று ஏற்படலாம். பின்னால் ஓடும் பெரிய இரத்தக் குழாயில் டிரில் பட்டுவிடுவது மிக அரிது, ஆனால் அறுவை செய்பவர் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அதை நினைத்துக்கொண்டுதான் துளை போடுகிறார்.

அவருடைய தம்பி கூட வந்திருந்தார், பைக் பந்தய ரசிகர். போனை நீட்டி, "இவரு ரெண்டே நாள்ல ஓட்டினாரே டாக்டர்?" என்றார். உண்மைதான். 2013-இல் நெதர்லாந்தின் ஆசனில் ஹோர்ஹே லொரென்சோ பயிற்சியின்போது விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டு, பார்சிலோனாவுக்குப் பறந்து பிளேட் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து சனிக்கிழமைப் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். தம்பி அதோடு நிறுத்திவிட்டார். அடுத்த பகுதியை நான் சொன்னேன்: இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியில் திரும்பவும் விழுந்தார், பிளேட் வளைந்துவிட்டது, மறுபடியும் அறுவை. பிளேட் என்பது எலும்பு கூடும்வரை கொடுத்துவைக்கும் முட்டு, அவ்வளவுதான். எலும்பு அதன் நேரத்தில்தான் கூடும்.

நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வேலை செய்கிறவர், முனைகளுக்கிடையே தொடர்பே இல்லை, அதனால் அறுவை பக்கம் கொஞ்சம் சாய்வதாகச் சொன்னேன். ஆனால் கட்டாயம் என்று சொல்லும்படியான காரணம் எதுவும் இல்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வரவில்லை, தோல் நெருக்கப்படவில்லை, நரம்பும் இரத்தக் குழாயும் நன்றாக இருந்தன, தட்டெலும்பு ஒடியவில்லை. 17 மில்லிமீட்டர் 20-ஐ எட்டவில்லை, ஆனால் அந்த அளவீட்டுக்கு ரொம்ப மரியாதை கொடுக்க வேண்டாம். ஆள் கொஞ்சம் திரும்பி நின்றாலே சில மில்லிமீட்டர் மாறிவிடும்.

தவிர, வெட்ட வேண்டிய இடத்தில்தான் அந்தச் சிராய்ப்பு. ஈரமான சிராய்ப்பின் வழியாக வெட்டி இரும்பு வைப்பது தொற்றைக் கூப்பிட்டு உட்காரவைப்பது போல. அது காய்ந்து உதிரும்வரை காத்திருந்தாக வேண்டும். அந்தப் பத்து நாட்கள் யோசிக்க நேரம் கொடுத்தன. பத்தாம் நாள் அவர் வந்தபோது வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது, முடிவும் எடுத்திருந்தார். "வெட்டாம பாத்துக்கலாம் டாக்டர். கூடலைன்னா அப்ப வெட்டிக்கலாம்ல?" அதில் தவறேதும் இல்லை. பிறகு செய்யும் அறுவை சற்றுக் கடினமானது, இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து வைக்க வேண்டிவரலாம். ஆனால் கதவு மூடிவிடாது. சரி என்றேன்.

ஸ்லிங் நாட்கள்

எட்டு வடிவப் பட்டையைத் திரும்ப மாட்டவில்லை. தோளைப் பின்னால் இழுத்து எலும்பை நேராக்கும் யோசனை மிகப் பழையது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எகிப்திய எட்வின் ஸ்மித் பாப்பிரஸில் காறை எலும்பு முறிவுக்குச் சொல்லியிருப்பதும் இதுதான்: மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு தட்டெலும்புகளுக்கும் நடுவே துணி மடித்து வைத்து, தோள்களை விரி. படுத்திருக்கும்வரை அது வேலை செய்யும். எழுந்து நின்றால் எந்தப் பட்டையாலும் அந்த எலும்பை நேராகப் பிடித்துவைக்க முடியாது. 1987-இல் இந்தப் பட்டையையும் ஸ்லிங்கையும் ஒப்பிட்ட ஒரு டேனிஷ் ஆய்வில் எலும்பு கூடிய விதத்தில் வித்தியாசம் இல்லை. பட்டை போட்டவர்களுக்குத்தான் தொந்தரவு அதிகம்.

ஸ்லிங்கைச் சரியாக மாட்டுவதற்கு நாங்கள் செலவழித்த நேரம், பிளேட்டைப் பற்றிப் பேசியதைவிட அதிகம். முழங்கை பையின் மூலையில் முழுதாக உட்கார வேண்டும், மணிக்கட்டு முழங்கையைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். கழுத்துப் பட்டை அடிபட்ட பக்கத்தில் எலும்பின் மேலே ஓடக் கூடாது. கைக்கும் மார்புக்கும் நடுவே வியர்வை தேங்கினால் தோல் வெந்துபோகும், அதனால் தினமும் கழற்றி, முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு அக்குளைக் கழுவித் துடைக்க வேண்டும். இரவில் தலையணைகளை அடுக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்துத் தூங்க வேண்டும். முழுதாகப் படுத்தால் எழும்போதுதான் உயிர் போகும். பாராசிட்டமால் நேரத்துக்கு, முதல் மூன்று நான்கு நாட்கள் துணியில் சுற்றிய ஐஸ். யார் சொன்னாலும் தேய்க்கவோ, இழுக்கவோ, மேட்டை அமுக்கவோ கூடாது.

விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொன்னோம். இதை விட்டுவிட்டு ஆறு வாரம் அப்படியே வைத்திருந்தவர்களுக்கு எலும்பு கூடிய பிறகும் முழங்கை நீட்ட வராமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வாரக் கடைசியில், குனிந்து கையை ஊஞ்சல் போல ஆட்டும் பயிற்சி. தோள் உயரத்துக்கு மேலே கையைத் தூக்குவது ஆறு வாரத்துக்கு முன் வேண்டாம். கையை உயர்த்தும்போது காறை எலும்பு ஒரு சாவியைப் போலத் தன் அச்சில் சுழல்கிறது, லத்தீனில் இதற்குச் சின்னச் சாவி என்றே பெயர். ஒடிந்த இடத்துக்கு அந்தச் சுழற்சிதான் ஆகாதது.

ஆறாம் வாரம் வந்தார். வலி பெரிதாக இல்லை, ஸ்லிங்கை அவரே பாதி நேரம் கழற்றி வைத்திருந்தார். ஆனால் மேட்டின் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெல்ல அழுத்தினால் ஓர் அசைவு தெரிந்தது. படத்தில் புது எலும்பு மங்கலான புகை போல ஓரத்தில் கொஞ்சம். பத்தாம் வாரமும் கிட்டத்தட்ட அதேதான். எனக்கு உள்ளூரக் கவலை வந்துவிட்டது.

அன்றைக்கு அவருடைய மனைவியும் வந்திருந்தார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "டாக்டர், சிகரெட் பிடிச்சா எலும்பு கூடாதா? எங்கேயோ படிச்சேன்" என்று கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பல வருடமாக.

முதல் நாள் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை, இரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை எல்லாம் கேட்டு எழுதியிருந்தேன். புகை பற்றிய இடம் வெறுமையாக இருந்தது. அவர் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை. விரல் மரத்தது, பட்டை, இரண்டு எக்ஸ்ரே என்று எனக்கு முன்னால் பார்த்தவர்கள் தவறவிட்டதைப் பிடிப்பதிலேயே மும்முரமாக இருந்துவிட்டேன். காறை எலும்பு கூடாமல்போகக் காரணங்களாகச் சொல்லப்படுபவற்றில் வயது, பெண்ணாக இருப்பது, முழு விலகல், எலும்பு பல துண்டாவது இவற்றோடு புகைப்பழக்கமும் இருக்கிறது. முதல் நான்கில் நோயாளி செய்வதற்கு ஒன்றுமில்லை. அவரால் மாற்ற முடிந்த ஒரே விஷயத்தைப் பத்து வாரம் நான் தொடவே இல்லை.

முதல் நாளே தெரிந்திருந்தால் அறுவையை வற்புறுத்தியிருப்பேனா? தெரியவில்லை. புகைப்பவர்களுக்கு அறுவைப் புண் ஆறுவதும் மெதுவாகத்தான். ஆனால் ஏழில் ஒருவர் என்று நான் சொன்ன கணக்கு அவருக்குச் சரியான கணக்கு இல்லை. அதை வைத்துத்தான் அவர் முடிவெடுத்தார். அன்றைக்கே அதை அவரிடம் சொன்னேன், இப்போதும் அறுவைக்கு மாறலாம் என்றேன். இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம் என்றார். முதல் வாரம் இரண்டாகக் குறைத்து, அப்புறம் விட்டுவிட்டார்.

பதினான்காம் வாரப் படத்தில் கீழ்ப்பக்கத்தில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பாலம் போல எலும்பு படர்ந்திருந்தது. பதினெட்டாம் வாரம் அழுத்தினால் வலி இல்லை, அசைவும் இல்லை. சிகரெட்டை விட்டதால்தான் கூடியது என்று சொல்ல மாட்டேன். ஸ்லிங்கில் சராசரியே 28 வாரம் என்று சொல்லும் ஆய்வை மேலே நானே எடுத்துக்காட்டியிருக்கிறேன். அந்தக் கணக்கில் இவர் தாமதமே இல்லை. பத்தாம் வாரத்தில் எனக்கு வந்த பயத்தில் பாதி, முதல் நாள் யாரோ சொன்ன "ஆறு வாரம்" என் தலையிலும் ஒட்டிக்கொண்டிருந்ததால் வந்தது. ஆறு வாரம் என்பது பெரும்பாலும் ஸ்லிங்கை விடும் காலம். பெரியவர்களுக்கு எலும்பு கெட்டியாகக் கூடக் குறைந்தது மூன்று மாதமாவது ஆகும் என்று சொல்லி அனுப்புவதே நல்லது.

சின்னப் பிள்ளைகளின் கணக்கே தனி. பச்சைக் குச்சி போல ஒரு பக்கம் மட்டும் பிளந்து வளையும், மூன்று நான்கு வாரத்தில் கூடிவிடும். பிறகு ஒரு கட்டி தெரியும், அதைப் பார்த்துத்தான் பெற்றோர் பயந்து வருவார்கள். அது கூடியதற்கு அடையாளம், வளர வளரச் சில மாதங்களில் கரைந்துவிடும். பிரசவத்தில் தோள் மாட்டி ஒடிந்த பச்சைக் குழந்தை ஒரு கையை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கும். எலும்பு தானாகவே கூடிவிடும். ஆனால் கையின் நரம்பும் இழுபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது.

ஐந்தாம் மாதக் கடைசியில் கடைசியாக வந்தார். கைகளைப் பக்கவாட்டில் விரித்துத் தலைக்கு மேலே சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார். வலது தோள் ஒரு விரற்கடை உள்ளே தள்ளியிருந்தது, சட்டை போட்டால் தெரியாது. மேடு இருந்தது, இருக்கும். வலு எப்படி என்று கேட்டேன். பிரஷ் பிடிப்பதில் வித்தியாசம் இல்லை, நீளக் கம்பில் ரோலர் மாட்டி மேல்தளத்துக்கு அடித்தால் சாயங்காலம் தோள் கனக்கிறது என்றார். ஏணியை மட்டும் இப்போது இடது தோளில் தூக்குகிறாராம். வலது தோளில் வைத்தால் அதன் சட்டம் சரியாக அந்த மேட்டில் போய் உட்கார்கிறது.